வார்டும் வீடும்: டெர்ரி நகரத் தெற்கு வார்டின் தேர்தல் வரலாறு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஸ்தல ஸ்தாபனங்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நிகழவேண்டும் என்று விரும்பி இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர், தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் ராஜ்ய விவகாரங்களுக்குச் சற்றும் குறைந்த விஷயங்கள் அல்ல என்ற நம்பிக்கையோடு வாழ்ந்தவர் என்று சொன்னார்கள். அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆகையால் தேசங்களின் எல்லைகளைப் பற்றிப் பேசுவதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, ஒரு சிறிய நகரத்தின் ஒரே ஒரு வார்டின் எல்லையை இன்று எடுத்துக்கொள்கிறேன். வட அயர்லாந்திலுள்ள டெர்ரி நகரத்தின் தெற்கு வார்டு அது. 1936 முதல் 1969 வரை, ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுக்காலமே உயிரோடிருந்த அந்த வார்டின் சரித்திரத்தை ஆராய்கிறவருக்கு, தேர்தல் எல்லை எப்போது தேர்தலோடு நில்லாமல் மக்களின் உறைவிடத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைக்கிறது. வாக்குரிமையை வீட்டோடு கட்டிவைத்திருக்கும் ஊரில் வார்டின் எல்லைக்கோடு குடியிருப்பின் வேலியாக மாறியே தீரும் என்பதுதான் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

1. நிலமும் நினைவும்

டெர்ரி என்று ஒரு சாராரும் லண்டன்டெர்ரி என்று மற்றொரு சாராரும் வழங்கும் அந்நகரம் ஃபாயில் நதிக்கரையில் இருக்கிறது. 1613ஆம் ஆண்டுச் சாசனத்தை ஒட்டி லண்டன் மாநகரத்து வணிகச் சங்கங்கள் அதற்கு மதில் எடுத்தன. ஆங்கிலேயரும் ஸ்காத்லாந்தியருமான புராட்டஸ்டண்ட் குடியேறிகளின் நகரமாகவே அது வளர்ந்தது. முற்காலத்தில் நதி, குன்றின் இருபுறமும் ஓடிற்று. மேற்குக் கிளை வற்றிய இடத்தில் சேறும் ஈரமுமாக ஒரு தாழ்நிலம் மிஞ்சியது. பாக்சைடு என்று பெயர் பெற்ற அந்தத் தாழ்நிலத்தில், மதிலின் நிழலில், பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க ஏழைகள் குடியேறினார்கள். நதிக்குக் கிழக்கே இருக்கும் பகுதிக்கு வாட்டர்சைடு என்று பெயர்.

1689இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் சேனை அம்மதிலை 105 நாள் முற்றுகையிட்டபோது உள்ளே பட்டினி கிடந்து பணியாதிருந்தவர்களின் சந்ததியார், அந்நாள் தொட்டு அந்நகரத்தைத் தம் சமயத்தின் புனிதத் தலம்போலவே பாவித்து வந்திருக்கிறார்கள். இதை நாம் மறந்துவிட்டால் பின்னர் நடந்ததெல்லாம் வெறும் பேராசையாகத் தோன்றும். நகரத்தை இழப்பது பதவியை மட்டும் இழப்பதாக அவர்களுக்குப் படவில்லை. முன்னோரின் தியாகத்தையே இழப்பதாகப் பட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டை தைக்கும் தொழிற்சாலைகள் பெருகி, பக்கத்து டானகால் ஜில்லாவிலிருந்து ஆயிரக்கணக்கானோரை, விசேஷமாகப் பெண்களை, அங்கே ஈர்த்தன. கார்ல் மார்க்ஸ் தம் மூலதனம் நூலிலேயே இந்நகரத்துச் சட்டைத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். இவ்வாறு கத்தோலிக்கர் நகரத்தில் பெரும்பான்மையோர் ஆனபின்பும், நகராண்மை மட்டும் மாறாமல் இருந்து வந்தது.

2. ஒருமுறை கதவு திறந்தது

பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1919இல் இயற்றிய சட்டம் ஒன்றினால் அயர்லாந்தின் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கிடைத்தது. நம் ராஜ்யசபைத் தேர்தலில் சட்டமன்ற அங்கத்தினர்கள் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசையிட்டு வாக்களிக்கிறார்களே, அந்த ஒற்றை மாற்று வாக்கு முறையே அது. அம்முறையில் 1920 ஜனவரியில் நடந்த தேர்தலில், நாற்பது இடங்கள் கொண்ட டெர்ரி மாநகராட்சியில் அயர்லாந்தின் தன்னாட்சியை நாடிய தேசியவாதிகளும் சின் ஃபெயின் கட்சியினரும் சேர்ந்து சொற்பப் பெரும்பான்மை பெற, ஹியூ ஓ'டொஹர்ட்டி என்ற கத்தோலிக்க வழக்கறிஞர் மேயரானார். பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு அப்பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் அவர்தான்.

அடுத்த ஆண்டே அயர்லாந்து பிரிவினையாயிற்று. பெல்பாஸ்டில் அமைந்த புதிய அரசாங்கம், பிரிட்டனோடு இணைந்திருப்பதே தம் கொள்கை என்ற யூனியனிஸ்டுகளின் அரசாங்கம். அது முதன்முதலாகச் செய்த காரியங்களுள் ஒன்று, ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் விகிதாசார முறையை ஒழித்தது. 1922 கோடையில் நிறைவேறிய அச்சட்டத்துக்கு மன்னரின் சம்மதத்தை லண்டன் அரசாங்கம் இரண்டு மாத காலம் நிறுத்தி வைத்திருந்து, முடிவில் செப்டம்பரில் கொடுத்துவிட்டது. அந்த இரண்டு மாதத் தயக்கத்தைச் சரித்திர நூல்கள் பல ஓரிரு வரிகளில் கடந்து போகின்றன. எனக்கோ, பின்னால் வந்த ஐம்பது ஆண்டுத் துன்பத்தில் பாதியைத் தடுத்திருக்கக்கூடிய தருணம் அதுவே என்று தோன்றுகிறது. பிறகு, லீச் என்பவர் விசாரணை நடத்தி வார்டுகளைத் திருத்தி வரைந்தார். பல இடங்களில் தேசியவாதிகள் விசாரணையையே பகிஷ்கரித்தார்கள். 1923 தேர்தலில் டெர்ரி மீண்டும் யூனியனிஸ்டுகளின் கைக்குப் போயிற்று.

3. மூன்று வார்டுகளின் கணக்கு

இங்கே சற்றுப் பொறுமையாக நிற்கும்படி சபையோரை வேண்டுகிறேன். இந்த விவகாரத்தின் மர்மம் முழுதும் ஒரு சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது.

1923இல் வரைந்த எல்லைகள் ஜனத்தொகைப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்தபோது, 1936இல் புதிய திட்டம் வந்தது. நாற்பது இடங்கள் இருபதாகக் குறைக்கப்பட்டன, வார்டுகள் மூன்றாயின. பாக்சைடும் அதற்கு மேலேயுள்ள க்ரெகன் குன்றும் பிராண்டிவெல் பகுதியும் அடங்கிய தெற்கு வார்டுக்கு எட்டு இடங்கள்; வடக்கு வார்டுக்கு எட்டு; வாட்டர்சைடு வார்டுக்கு நான்கு. 1969இல் ஸ்காத்லாந்து நீதிபதி காமரன் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கையில், 1967ஆம் ஆண்டுக்குரிய வாக்காளர் தொகை இவ்வாறு காணப்படுகிறது. தெற்கு வார்டில் கத்தோலிக்கர் 10,047, மற்றவர் 1,138. வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர் 3,946. வாட்டர்சைடில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர் 3,697. நகரம் முழுதும் சேர்த்தால் கத்தோலிக்க வாக்காளர் 14,429, மற்றவர் 8,781. மாநகராட்சியில் அமர்ந்தவர்களோ, தெற்கு வார்டிலிருந்து எட்டுப் பேர் ஒருபுறம். மற்ற இரு வார்டுகளிலிருந்தும் பன்னிரண்டு யூனியனிஸ்டுகள் மறுபுறம்.

சமயத்தைக் கட்சியாகக் கொள்வது முறையா என்று சிலர் வினவக்கூடும். வேறு நகரமாயின் நானும் தயங்குவேன். டெர்ரியில் அக்காலத்தில் சமயமும் கட்சியும் ஏறக்குறைய ஒன்றே என்பதை அங்கிருந்த இருசாராருமே மறுக்கவில்லை. எல்லையை வரைந்தவர்களும் அதை நம்பித்தான் வரைந்தார்கள்.

வாக்காளர் தொகைக்கு நேர் விகிதமாக இருபது இடங்களைப் பங்கிட்டால் கத்தோலிக்கருக்குப் பன்னிரண்டும் மற்றவர்க்கு எட்டும் வந்திருக்கும். நடந்தது அதற்கு நேர்மாறு. எப்படி நடந்தது? வடக்கு வார்டுக்கு அளவுக்கு மிஞ்சிய இடங்களைக் கொடுத்ததே காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். தெற்கில் ஏறக்குறைய 1,400 வாக்காளருக்கு ஓர் அங்கத்தினர். வடக்கில் ஏறக்குறைய 810 பேருக்கே ஓர் அங்கத்தினர். ஆயினும் இதை மட்டும் திருத்திவிட்டால் அநீதி நீங்கியிருக்கும் என்று எண்ணுவது தவறு. வார்டுகளின் எல்லையை அப்படியே விட்டுவிட்டு, வாக்காளர் தொகைக்கேற்ப இடங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள்: தெற்குக்குப் பத்தும் மற்ற இரண்டுக்கும் ஐந்தைந்தும் கிடைக்கும். நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு வாக்காளராக இருந்தவர்கள், அப்போதும் பாதி இடங்களைத் தாண்டியிருக்க முடியாது. ஆகவே குற்றம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, கோட்டில் இருக்கிறது.

ஒரு வார்டில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கே அந்த வார்டின் இடங்கள் எல்லாம் போய்ச் சேரும் முறையில், வெற்றிக்கு வேண்டியதற்கு மேல் விழும் ஒவ்வொரு வாக்கும் நிறைந்த குடத்தில் ஊற்றிய நீரே. தெற்கு வார்டில் அவ்வாறு ஏறக்குறைய 8,900 கத்தோலிக்க வாக்குகள் வழிந்தோடின. மற்ற இரு வார்டுகளிலும் சிதறியிருந்த 4,382 கத்தோலிக்கருக்கு ஒரே ஓர் அங்கத்தினர்கூட இல்லை. தெற்கு வார்டிலே வாழ்ந்த 1,138 மற்றவர்களுக்கும் இல்லை என்பதையும் நியாயத்தை உத்தேசித்து இங்கே சொல்லவேண்டும். எல்லையை வரைந்தவர்கள் தம்மவரிலேயே ஆயிரம் பேரை மனமறிந்து கைவிட்டிருந்தார்கள்.

4. வாக்கும் வீடும்

இதுவரை சொன்னது உலகில் வேறு பல நகரங்களிலும் காணக்கூடியதே. டெர்ரியை விசேஷமாக்கியது வேறொன்று.

அங்கே அக்காலத்தில் பார்லிமெண்டுத் தேர்தலில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு இருந்தது. மாநகராட்சித் தேர்தலில் கிடையாது. வீட்டுக்குரிய வரியைச் செலுத்தும் குடியிருப்பாளரும் அவர் மனைவியுமே அதில் வாக்காளர். அவர்களோடு ஒண்டியிருக்கும் உள்வாடகைக்காரருக்கு வாக்கில்லை. தங்கிப்போகும் வாடகைக்காரருக்கும் இல்லை. இருபத்தொரு வயது கடந்தும் பெற்றோருடனே வசிக்கும் மகனுக்கும் மகளுக்கும் இல்லை. அதே சமயம் வர்த்தகக் கம்பெனிகள் தம் சொத்து மதிப்புக்கேற்ப ஆறு பேர் வரையில் வாக்காளராக நியமித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1945இலேயே மறைந்த, வரி செலுத்தும் குடியிருப்பாளருக்கே வாக்கு என்ற ஏற்பாட்டை வட அயர்லாந்து 1946இல் புதுப்பித்துக்கொண்டது. 1967இல் வட அயர்லாந்து முழுவதிலும் பார்லிமெண்டு வாக்காளர் 9,33,724 பேர் இருக்க, ஸ்தல ஸ்தாபன வாக்காளர் 6,94,483 பேரே இருந்தார்கள். சென்னை நகரசபைக்கும் சுதந்திரத்துக்கு முன்பு சொத்தும் வரியும் உடையவர்களே வாக்களித்தார்கள் என்பதை இச்சபையில் மூத்தோர் அறிவார்கள்; அந்தச் சம்பிரதாயத்துக்கும் டெர்ரியின் சம்பிரதாயத்துக்கும் ஊற்றுக்கண் ஒன்றே.

பாக்சைட்டில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துப் பாருங்கள். மேல்தளத்தில் இரண்டு அறை, கீழ்த்தளத்தில் இரண்டு அறை, கொல்லையில் கழிப்பிடம். வாடகைச் சீட்டில் பெயருள்ள கிழவரும் அவர் மனைவியும் முன்னறையில்; மணமான மூத்த மகன், மருமகள், குழந்தைகள் மேலே ஓர் அறையில்; சட்டைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் இரு பெண்கள் மற்றோர் அறையில். குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர்கள் அந்தப் பெண்களே. இவ்வாறு வயதுவந்தோர் ஆறு பேர் உள்ள அந்த வீட்டுக்கு மாநகராட்சித் தேர்தலில் இரண்டே வாக்கு. மகனுக்கு மாநகராட்சி ஒரு தனி வீடு ஒதுக்கிவிட்டால், அந்தக் கணமே புதிதாக இரண்டு வாக்குகள் பிறந்துவிடும்.

ஒரு வீட்டின் சாவியைக் கொடுப்பது இரண்டு வாக்குச் சீட்டுகளைக் கொடுப்பதாக இருந்தது. வடக்கு வார்டில் கத்தோலிக்கருக்கும் மற்றவர்க்கும் இருந்த வித்தியாசம் 1,416 வாக்குகள். சில நூறு வீடுகளைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அந்த வார்டில் கொடுத்திருந்தால் எட்டு இடங்களும் ஆட்டம் கண்டிருக்கும். அவற்றோடு மாநகராட்சியே கைமாறியிருக்கும். ஆகவே கத்தோலிக்கருக்கு வீடு கட்டுவதாயின் தெற்கு வார்டில் மட்டுமே கட்டவேண்டும் என்பது, எந்தத் தீர்மானத்திலும் எழுதப்படாமலே, அம்மாநகராட்சியின் நிலையான கொள்கை ஆயிற்று. வீடு ஒதுக்கும் அதிகாரம் நடைமுறையில் மேயர் ஒருவரின் கையிலேயே இருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

முதலில் க்ரெகன் குன்று வீடுகளால் நிரம்பிற்று. குன்று நிரம்பியபின் நிலமில்லை. வெளியே நிலம் இருந்தது. ஆனால் நகர எல்லையை விரிவாக்க மாநகராட்சி இசையவில்லை. விரிவாக்கினால் வார்டுகளை மறுபடி வரையவேண்டிவருமே! அக்கம்பக்கத்தில் பரவ இடமில்லாதபோது மேலே போவதே வழியாயிற்று. பாக்சைட்டின் நடுவில் ரோஸ்வில் வீதியில் 1966இல் மூன்று உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. சுற்றிலும் தாழ்ந்த கூரைகள். நடுவே வானளாவும் கான்கிரீட் சுவர்கள். பழைய புகைப்படங்களில் அவற்றைக் காண்பவர் அது நவீன நகர நிர்மாணத்தின் சின்னம் என்று மயங்கக்கூடும். தரையில் ஒரு கோட்டைத் தாண்டக்கூடாது என்ற பிடிவாதமே அந்த உயரத்துக்குக் காரணம்.

அப்படியும் இடம் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள்? உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படையினர் நகரத்தின் ஓரத்தில் ஸ்பிரிங்டவுன் என்னுமிடத்தில் தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். போர் முடிந்து அவை காலியானதும் 1946இல் வீடற்ற குடும்பங்கள் தாமாகவே அவற்றில் புகுந்துகொண்டன. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த வாசம் 1967 வரை நீடித்தது. அங்கே பிறந்த குழந்தை அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்து வேலைக்குப் போகும் வயதை அடையும் அளவுக்கு நீடித்தது. மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழ் ஒரு தலைமுறை வளர்ந்ததற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது. வாக்காளர் பட்டியலே காரணம்.

அரசியலில் நுழையாத மக்களும் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. பிற்காலத்தில் நோபல் சமாதானப் பரிசு பெற்ற ஜான் ஹ்யூம், அப்போது பள்ளி ஆசிரியர். பாதிரியார் ஒருவரோடும் நண்பர்களோடும் சேர்ந்து 1965இல் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தை ஆரம்பித்தார். சேமிப்பும் கடனும் சேர்ந்து வீடுகள் எழுந்தன. அச்சங்கம் வடக்கு வார்டில் பெரிய அளவில் வீடுகள் கட்ட அனுமதி கேட்டபோது மாநகராட்சி மறுத்துவிட்டது. பணமும் நிலமும் ஆளும் இருந்தும், வார்டு தவறான வார்டாக இருந்தது.

5. ஓர் எதிர்வாதம்

மறுதரப்பின் வாதத்தைச் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது. வடக்கு வார்டில் கடைகளும் தொழிற்சாலைகளும் நல்ல வீடுகளும் மிகுதி. வரியின் பெரும்பங்கைத் தருகிறவர்களே செலவைத் தீர்மானிக்கவேண்டும் என்றார்கள். அயர்லாந்து ஒன்றாகவேண்டும் என்பவர்களிடம் எல்லைப்புற நகரம் ஒன்றை ஒப்படைக்கலாமா என்றும் கேட்டார்கள். முதல் வாதத்துக்கு ஒரு காலத்தில் மதிப்பிருந்தது. இரண்டாவது, பயத்திலிருந்து பிறந்தது, அந்தப் பயம் பொய்யானதும் அன்று. ஆனால் தேசத்தின் எல்லையைப் பற்றிய பயத்துக்குப் பரிகாரமாக ஒரு கூலிக்காரனின் குழந்தைகளைத் தகரக் கொட்டகையில் வைத்திருப்பதை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க முடியாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

6. கோடு அழிந்த விதம்

1968 ஜூனில் வீட்டுவசதி கேட்டுப் போராடியவர்கள், ஒரு குடும்பம் குடியிருந்த வண்டிவீட்டை இழுத்துவந்து பாக்சைட்டின் லெக்கி சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். அக்டோபர் 5ஆம் தேதி வாட்டர்சைட்டின் டியூக் வீதியில், தடையை மீறிய ஊர்வலத்தின்மீது போலீசார் தடியடி நடத்தினார்கள். அதை ஓர் அயர்லாந்துத் தொலைக்காட்சிப் படக்காரர் படம் பிடித்திருந்தபடியால் உலகம் பார்த்தது. ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்ற கோஷத்தோடு வீடு கேட்கும் கோஷமும் அங்கே ஒன்றாக எழுந்ததை வெளியூர்ப் பத்திரிகைகள் இரண்டு தனிக் கோரிக்கைகளாக எழுதின. டெர்ரிக்காரருக்கு அவை ஒரே கோரிக்கை.

நவம்பர் 22ஆம் தேதி வட அயர்லாந்தின் பிரதமர் டெரன்ஸ் ஓ'நீல் சீர்திருத்தங்களை அறிவித்தார். வீடு ஒதுக்கப் புள்ளி முறை, கம்பெனி வாக்கு ஒழிப்பு ஆகியவற்றோடு, டெர்ரி மாநகராட்சியின் இடத்தில் நியமன அங்கத்தினர் கொண்ட ஓர் அபிவிருத்திக் கமிஷன் அமையும் என்பதும் அவற்றுள் ஒன்று. 1969இல் மாநகராட்சி மறைந்தது. தெற்கு வார்டும் அதோடு மறைந்தது. வயதுவந்தோர் வாக்குரிமையும் அவ்வாண்டே ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களுக்குச் சட்டமாயிற்று. 1973 மே மாதம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒழிக்கப்பட்ட அதே ஒற்றை மாற்று வாக்கு முறையில், இருபத்தேழு இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை. ரேமண்ட் மக்ளீன் என்ற மருத்துவர் மேயரானார். ஓ'டொஹர்ட்டிக்குப் பின் தேசியவாதத் தரப்பிலிருந்து அப்பதவிக்கு வந்தவர் அவர். இன்று டெர்ரியும் ஸ்ட்ராபேனும் சேர்ந்த நகரசபையில் நாற்பது இடங்கள், ஏழு தேர்தல் பகுதிகள். பழைய தெற்கு வார்டின் தெருக்களில் பெரும்பாலானவை மூர் என்ற ஐந்து இடப் பகுதிக்குள் வருகின்றன. விகிதாசார முறையில் கோட்டை எங்கே இழுத்தாலும் ஐந்தில் ஐந்தையும் ஒருவரே அள்ளிக்கொள்வது அரிது.

வீட்டு விவகாரமோ வேறு வழியில் தீர்க்கப்பட்டது. 1971இல் வட அயர்லாந்து முழுமைக்கும் வீட்டுவசதி நிர்வாகம் என்ற ஒரே ஸ்தாபனம் ஏற்பட்டு, வீடு கட்டும் அதிகாரமும் ஒதுக்கும் அதிகாரமும் எல்லா நகரசபைகளிடமிருந்தும் அதற்கு மாற்றப்பட்டன. ஆகையால் 1973இல் நியாயமான தேர்தலில் வென்று சபைக்கு வந்த தெற்கு வார்டு மக்களின் பிரதிநிதிகளிடம், மயானம், குப்பை அகற்றல், பூங்கா, விளையாட்டுத் திடல் முதலியவை இருந்தன; எந்த வீட்டுக்காக அவர்கள் போராடினார்களோ அந்த வீட்டை ஒதுக்கும் அதிகாரம் இல்லை. இன்றுவரை அது அவர்களிடம் திரும்பவில்லை.